பெயர் நீக்கிய கவிதையும் வட்டத்துக்குள் நாயகனும்

1920களில் கேம்பிரிட்ஜ் வகுப்பறையில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த காரியம் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. கவிஞனின் பெயரை நீக்கிவிட்டுக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவர்கள் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்படி 13 கவிதைகளுக்கு வந்த குறிப்புகளை வைத்து எழுந்ததுதான் 1929ல் வெளியான 'பிராக்டிகல் கிரிடிஸிஸம்'. ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களிலேயே பலர் கவிதையின் நேர்ப்பொருளைக்கூடப் பிடிக்கவில்லை என்பது அம்பலமாயிற்று. வாசகனின் இடர்ப்பாடுகள் என்று ரிச்சர்ட்ஸ் வகுத்த பத்தில் ஒன்று, தயாராக வைத்திருக்கும் எதிர்வினை. பழகிய ஒரு சொல் கண்ணில் பட்ட மாத்திரத்தில் வாசகன் தன் மனசில் ஏற்கனவே கிடப்பதை எடுத்துக் கவிதையின் மேல் போர்த்திவிடுகிறான். அதற்குப் பிறகு கவிதை பேசவே வேண்டியதில்லை.

ப்ரூக்ஸும் வாரனும் 1938ல் கொண்டுவந்த பாடநூல் இந்த முறையை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எடுத்துச் சென்றது. 1944ன் சட்டத்தால் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வகுப்புகளில் வந்து நிறைந்தபோது அது கை கொடுத்தது. லத்தீன் தெரியாவிட்டாலும், வீட்டில் நூலகம் இல்லாவிட்டாலும், முன்னால் உள்ள பக்கம் போதும். (1959ல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா அலசல் விமர்சனத்துக்காக மல்லுக்கு நின்றதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

கதைகளின் ஒற்றுமையைத் தேடியவர்களின் வழி வேறு. ப்ராப் 1928ல் ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துக்கொண்டு 31 செயல்களை வகுத்தார். ராக்லன் பிரபு 1936ல் நாயகனுக்கு 22 அடையாளங்கள் சொன்னார். ப்ராப் தன் வேலியைத் தாண்டவில்லை. 1949ல் ஜோசப் கேம்ப்பெல்லுக்கு வேலியே இல்லை. புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று 17 கட்டங்கள்; உலகத்துக்கே ஒரே கதை. இதில் வேடிக்கை, அந்த ஒரே கதைக்கு அவர் சூட்டிய பெயர் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்'கிலிருந்து எடுத்தது. 1944ல் ராபின்சனுடன் சேர்ந்து அந்நாவலுக்கு வழிகாட்டி எழுதியவரும் அவரே. வேறெந்தப் புத்தகத்தைப் போலவும் இல்லாத ஒரு புத்தகத்தோடு அப்படி மல்லாடியவர், எல்லாக் கதையும் ஒன்று என்பதற்கு அதிலிருந்தே சொல்லை எடுத்திருக்கிறார்.

1980களில் கிறிஸ்டோபர் வோக்லர் ஹாலிவுட்டுக்காக இதை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். 1992ல் அது புத்தகமானபோது கட்டங்கள் 12. பள்ளிக்கூடங்களில் இன்று காணும் வட்டப் படம் பெரும்பாலும் இந்த வழி வந்தது. மாணவன் 'அழைப்பு' என்ற இடத்தில் ஒரு வரி, 'குரு' என்ற இடத்தில் ஒரு பெயர் என்று நிரப்புகிறான். நாள் முழுக்கச் செலான்களைச் சரிபார்க்கிற எனக்கு இது பரிச்சயமான வேலை: காலி இடம் இல்லையென்றால் சரி. ஆனால் இதையும் வரிவரியாகப் படிப்பதையும் ஒரே பாடமாக நடத்துகிறார்கள். ரிச்சர்ட்ஸ் தடுக்க நினைத்த தயார் எதிர்வினை, படமாக அச்சாகிப் பாடத்திட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

படத்தைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அது எங்கே பொருந்தவில்லை என்று கேட்கிற ஆசிரியனுக்கு அதனால் பயன் உண்டு. இந்தப் பாடத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஒடிஸியையே பார்க்கலாம். முதல் நான்கு புத்தகங்களில் ஒடிஸியஸ் நேரில் வருவதில்லை, மகன்தான் அலைகிறான். கடைசிக் கட்டம் திரும்புதல் என்கிறது படம். பதினோராம் புத்தகத்தில் டைரீஸியஸின் ஆவி சொல்வது வேறு: வீடு சேர்ந்த பிறகும் துடுப்பைத் தோளில் சுமந்து, கடலையும் உப்பையும் அறியாத ஜனங்களிடம் போக வேண்டும், வழியில் ஒருவன் அதைத் தானியம் தூற்றும் பலகை என்று நினைப்பான், அங்கே அதை நட்டுப் பலி கொடுக்க வேண்டும். இருபது வருஷம் கழித்து மனைவியோடு சேரும் இரவில், படுக்கைக்குப் போகுமுன், இன்னும் ஒரு பாடு பாக்கி இருக்கிறது என்று ஒடிஸியஸ் தொடங்குகிறான். என்னவென்று இப்போதே சொல் என்கிறாள் பெனலபி. சொல்கிறான். அந்தப் பயணத்தைக் காவியம் பாடவில்லை.