யாருடைய மண்ணைக் காப்பது? கார்வரும் அலபாமா வாரக்குடிகளும்

மண்ணைக் காக்கும் வேளாண்மை பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. உழவைக் குறை, நிலத்தை மூடாக்கால் மூடு, பயிரை மாற்றி மாற்றிப் போடு என்று மூன்று விதி சொல்வார்கள். சிறு விவசாயிக்கு நல்ல விதிகள்தாம். ஆனால் தோழர்களே, அந்த மண் யாருடையது என்று நாம் கேட்டாக வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கறுப்பின உழவர்களுக்கு இந்தக் கேள்வி நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது.

1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தென்பகுதிக் கடலோர நிலங்களை, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னது அந்த ஆணை. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை முறியடித்து, நிலத்தைப் பழைய எஜமானர்களிடமே திருப்பிவிட்டார். 1892 அரசாணையில் நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

நிலம் இல்லாதவர்கள் பழைய பண்ணைகளிலேயே வாரத்துக்கு உழுதார்கள். கோவேறு கழுதையும் கலப்பையும் விதையும் பண்ணையாருடையது என்றால் விளைச்சலில் பாதி அவருக்கு. மீதியைக் கடைக்காரர் கடனுக்குப் பிடித்துக்கொள்வார். உடனே காசாகும் பருத்தியை நம்பித்தான் அவர் கடன் கொடுப்பார். அதனால் குடிசை வாசல்வரை பருத்தி. காய்கறிப் பாத்திக்குக்கூட இடம் விடாத பண்ணைகள் இருந்தன. வருடாவருடம் பருத்தியே போட்டதில் மண் சத்திழந்தது, மழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போய் வயல்களில் பள்ளம் விழுந்தது.

இந்த மண்ணுக்குத்தான் 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்தார். அடிமையாகப் பிறந்து, அயோவாவில் வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். புக்கர் டி. வாஷிங்டன் அவரை டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு அழைத்திருந்தார். பருத்தி போட்ட நிலத்தில் காராமணி போடச் சொன்னார் கார்வர். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். பயறு வீட்டுச் சட்டிக்கும் ஆகும். கடையில் உரம் வாங்கினால் கடன் ஏறும் என்பதால் காட்டுச் சருகையும் சதுப்பு நிலத்து வண்டலையும் அள்ளி மட்கவைத்துப் போடச் சொன்னார். காசில்லாதவனுக்கு எது கிடைக்கும் என்று பார்த்துச் சொன்ன அறிவு அது. (ஆழ உழச் சொன்னவர் அவர், இன்றைய உழவுக் குறைப்பை அவரிடம் தேட வேண்டாம்.) தேய்ந்த மண்ணைத் தேற்றுவது பற்றி 1905இல் ஒரு சிறு வெளியீடு எழுதினார். 1906இல் 'ஜெசப் வண்டி' கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. டஸ்கீகிக்குப் படிக்க வர முடியாதவர்களைத் தேடிப் படிப்பே போனது. பாடப் புத்தகங்களோ அவரை நிலக்கடலை விஞ்ஞானியாக மட்டும் சுருக்கிவிட்டன.

ஆனால் வாரக்குடி எத்தனை பேரால் அவர் சொன்னபடி செய்ய முடிந்தது? இந்த ஆண்டு போடும் மட்கு அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் முழுப் பலன் தரும். வார ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரே ஆண்டுக்கு. டிசம்பரில் வெளியேற்றினால் தேறிய மண் பண்ணையாருக்கு. காராமணியை வைத்துக் கடைக்காரர் கடனும் தர மாட்டார். 1920இல் அந்நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் அதில் நாலில் ஒரு பங்குதான். மண்ணைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதிய கார்வர், பண்ணையாரைப் பற்றி எழுதவில்லை. வெள்ளையரோடு மோதாமல் முன்னேறுவது என்ற புக்கர் வாஷிங்டனின் வழியில் நின்ற நிறுவனம் அது. நிறுவனம் பிழைப்பதற்கு அந்த மௌனம் உதவியிருக்கலாம், வாரக்குடிக்கு உதவவில்லை என்பதே நம் கருத்து.

அந்த மௌனத்தை உடைத்தவர்கள் வாரக்குடிகளே. 1931இல் டஸ்கீகிக்குப் பக்கத்து மாவட்டமான டாலபூசாவில் கறுப்பின வாரக்குடிகள், கம்யூனிஸ்டுகளின் துணையோடு ஒரு சங்கம் கட்டினார்கள். சாப்பாட்டுக்கான முன்பணத்தை நிறுத்தக் கூடாது, விளைச்சலைத் தாங்களே விற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்பது மாதம் நடக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். தங்களுக்கென்று ஒரு காய்கறித் தோட்டம் போடும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த ஜூலையில் கேம்ப் ஹில் என்ற ஊரில் ஷெரிஃபின் ஆட்கள் சங்கத்தார் மீது பாய்ந்தார்கள். சங்கத் தலைவர்களில் ஒருவரான ரால்ஃப் கிரே கொல்லப்பட்டார்.