பள்ளி பைப் பேண்டில் சேர ஆசையா? பேக்பைப் கற்பது எப்படி?

ராசிபுரம், நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே பேண்டில் சேர நினைக்கும் மாணவர்கள் முதலில் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும்: பித்தளைக் கருவிகள் வாசிக்கும் பேண்ட் வேறு, பைப் பேண்ட் வேறு. தேசிய அளவிலான பள்ளி பேண்ட் போட்டியிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுதான்.

பைப் பேண்டில் என்ன இருக்கும்?

ஸ்காட்லாந்து பேக்பைப்பும், ஸ்னேர், டெனார், பேஸ் என 3 வகை டிரம்களும் இருக்கும்.

பேக்பைப் எப்படி ஒலிக்கிறது?

ஊதும் காற்று பையில் சேரும். கையால் பையை அமுக்கினால் சாண்டர் என்ற குழலில் மெட்டு வரும். அதில் 9 சுரங்கள்தான். தோளில் சாய்ந்திருக்கும் 3 டிரோன் குழல்கள், நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி, விடாமல் சுருதி பிடிக்கும்.

எது கஷ்டம்?

நாதஸ்வரத்தில் சீவாளி வாயில் இருப்பதால் நாக்கால் ஒலியை வெட்டலாம். பேக்பைப்பில் சீவாளி குழலுக்குள் இருக்கிறது, ஒலி நிற்காது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க, நடுவில் வேறொரு சுரத்தை விரலால் சட்டென்று தொட்டு வரணும். இதுதான் 'கிரேஸ் நோட்'.

எதிலிருந்து தொடங்கணும்?

பை இல்லாத பிராக்டிஸ் சாண்டரில். விரல் பழக மாதக்கணக்கில் ஆகும். எனவே பெற்றோர் முதல் நாளே முழு பேக்பைப் வாங்க அவசரப்பட வேண்டாம். டிரம் கற்பவர்களுக்கு ரப்பர் பேட் போதும். இரண்டு கையும் ஒரே அளவில் விழணும்.

எங்கே கேட்கலாம்?

ஜனவரி 29-ல் டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' நிகழ்ச்சியில் ராணுவ பைப் பேண்டுகள் வாசிக்கும். டிவியில் பார்க்கும்போது விரல்களைக் கவனியுங்கள்.