துப்பறிவாளன் இல்லாத பகடி: தமிழ்த் திரையில் நுவாரும் ‘நானும் ரவுடிதான்’ படத்தின் புதுச்சேரியும்

தமிழில் துப்பறிவாளனைக் கேலி செய்யும் வழக்கம், நுவார் (film noir) எனப்படும் இருண்ட குற்றப்படப் பாணி இங்கே வருவதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ ஆனந்த விகடனில் வெளிவந்தது 1942இல். தமிழ் நுவாருக்கு முதல் சான்றாக எல்லோரும் காட்டும் ‘அந்த நாள்’ வெளியானது 1954 ஏப்ரலில். வங்கிக் குமாஸ்தாவான சாம்பு ஊரார் கண்ணுக்கு அசடு. அவர் உளறுவது குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது, தடுக்கி விழுந்த இடத்தில் தடயம் கிடைக்கிறது, புகழ் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. வாசகர் இதற்குச் சிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1908இல் வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ தொடங்கி ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு தலைமுறை முழுக்கத் துப்பறியும் நாவல்களைப் படித்துத் தேர்ந்திருந்தது. எதைக் கேலி செய்கிறார் தேவன் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

திரையில் நிலைமை வேறு. ஹாலிவுட்டில் நுவார் பகடி தாராளமாக விளைந்ததற்கு மூலப் படங்களின் அச்சு விரைவிலேயே கெட்டிப்பட்டுவிட்டதுதான் காரணம். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ 1941, ‘டபுள் இன்டெம்னிட்டி’ 1944. 1947க்குள் ‘மை ஃபேவரிட் புரூனெட்’ வந்துவிட்டது. குழந்தைகளைப் படம் பிடிக்கும் போட்டோகிராபரான பாப் ஹோப், பக்கத்து அறைத் துப்பறிவாளரின் இடத்தில் தற்செயலாக மாட்டிக்கொள்கிறார். 1982இல் கார்ல் ரெய்னரின் ‘டெட் மென் டோன்ட் வேர் பிளெய்ட்’ இன்னும் துணிந்தது. பழைய படங்களின் துண்டுகளையே வெட்டி எடுத்து, அப்படங்களின் நாயகன் போகார்ட் பேசியதற்கு ஸ்டீவ் மார்ட்டின் பதில் சொல்லும்படி ஒட்டிவிட்டது. ‘டபுள் இன்டெம்னிட்டி’க்கு இசையமைத்த மிக்லோஸ் ரோசாவே இதற்கும் இசையமைத்தார். மங்கிய விளக்கு, புகை, அலுவலகக் கதவைத் தட்டும் அழகி, காரியம் கெட்ட பிறகு கதாநாயகன் தன் கதையைத் தானே சொல்லும் பின்னணிக் குரல் ஆகிய நான்கையும் பார்வையாளர் மனப்பாடமாக வைத்திருந்ததால்தான் இந்த ஒட்டுவேலை செல்லுபடியாயிற்று.

தமிழ்ப் பார்வையாளர் மனப்பாடம் செய்திருந்தது எதை? எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே இல்லாத படம். இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நிழலும் கோணமும் நுவாருக்கு உரியவை, ஐயமில்லை. ஆனால் விசாரிக்க வருபவர் ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. சிவானந்தம், அரசாங்கச் சம்பளக்காரர். அவருக்குப் பின்னால் வந்த பெரும் வரிசையும் அப்படியே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கருக்கு, 1970இல் வந்த படத்தின் தலைப்பே ‘சி.ஐ.டி. சங்கர்’. பல படங்களில் கடைசி ரீல் வரை கூட்டாளியாகத் திரிந்தவன் சட்டைப் பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டுவான். அத்துடன் இருட்டு விலகிவிடும். சட்டத்தையும் நம்பாமல், குற்றவாளியோடும் சேராமல், வாடகை பாக்கியோடு தனியே உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளன் தமிழ்த் திரையில் வேரூன்றவே இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ்-வசந்தும் வாசகசாலைக்காரர்கள். அவர்களிலும் பின்னவர்கள் வக்கீல்கள்.

ஆகவே துப்பறிவாளனைப் பகடி செய்யத் தமிழ்ப் படத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: தன்னைப் பற்றியோ திகிலைப் பற்றியோ கதை அளப்பவன். நுவாரின் பின்னணிக் குரலைத்தான் தமிழ் நகைச்சுவை கையில் எடுத்தது, அந்தக் குரலுக்கு உரிய தொப்பிக்காரத் துப்பறிவாளனை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் சான்று ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). அதே ஆண்டில்தான் பாலசந்தரின் ‘பொம்மை’யும், பாதியிருட்டுப் பங்களாவில் நடக்கும் ‘புதிய பறவை’யும் வந்தன. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பா விஸ்வநாதனிடம் (டி. எஸ். பாலையா) படக்கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் அரிது. எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறார்கள். நான் பாலையாவைப் பார்க்கச் சொல்வேன். அறையில் விளக்கு மாறுவதில்லை, பேயும் இல்லை, கொலையும் இல்லை. காற்று, கதவு, காலடி அத்தனையும் நாகேஷின் வாயிலிருந்தும் விரல்களிலிருந்தும்தான் வருகின்றன. கதை என்று ஒன்று உருப்படியாக நகரவும் இல்லை. ஆனால் பாலையாவின் முகத்தில் அலட்சியம் போய் ஆர்வம் வருகிறது, ஆர்வம் திகிலாகிறது, பெரிய மனிதர் நாற்காலியில் ஒடுங்கிப்போகிறார். திகில் படம் என்பது சத்தமும் இடைவெளியும்தான், உள்ளே சரக்கு வேண்டியதில்லை என்று அந்த ஒரே காட்சி நிரூபித்துவிடுகிறது. பகடி என்றால் இதுதான்: பயமுறுத்திக்கொண்டே பயமுறுத்தும் வித்தையைக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாம் சான்று கொஞ்சம் தள்ளி, 2006இல் சுராஜ் இயக்கிய ‘தலைநகரம்’. போலீஸ் ரவுடிகளை அள்ளிக்கொண்டு போகிறது. வடிவேலுவின் நாய் சேகரை யாரும் சீண்டவில்லை. ‘நானும் ரவுடிதான்’ என்று கெஞ்சி ஜீப்பில் ஏறி, ஏறிவிட்ட பெருமையைத் தெருவுக்கே அறிவிக்கிறார். நுவார் நாயகன் தன் குற்றத்தைத் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வான். நாய் சேகரோ செய்யாத குற்றத்துக்கு விண்ணப்பம் போடுகிறார். ஒப்புதல் வாக்குமூலம் என்ற நுவாரின் முதுகெலும்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் முறித்ததில்லை. 1980களுக்குப் பிறகு தமிழ்ப் படத்தின் இருட்டு சி.ஐ.டி.யிடமிருந்து ரவுடிக்குக் கைமாறிவிட்டதால் பகடியும் அவன் பின்னாலேயே போயிற்று.

அந்த வசனத்தையே தலைப்பாக்கி, முழுப்படமாக விரித்தது விக்னேஷ் சிவனின் ‘நானும் ரவுடிதான்’ (2015 அக்டோபர், தயாரிப்பு தனுஷின் வுண்டர்பார்). கதை நடப்பது புதுச்சேரியில். விஜய் சேதுபதியின் பெயர் பாண்டி, அதாவது ‘பாண்டி’ பாண்டி. அம்மா மீனாகுமாரி (ராதிகா) போலீஸ் அதிகாரி. மகன் ரவுடி என்று பேர் வாங்கத் துடிப்பவன், அடிதடி என்றால் நடுங்குபவன். அவனிடம் வருகிறாள் காதம்பரி (நயன்தாரா). சிறுவயதில் குண்டுவெடிப்பில் தாயையும் கேட்கும் திறனையும் இழந்தவள். அப்பாவும் கொல்லப்பட்ட பிறகு அவள் கேட்பது ஒன்றுதான்: இவற்றுக்குக் காரணமான வில்லன் கிள்ளிவளவனை (பார்த்திபன்) கொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நுவாரின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது. ஒருத்தி வந்து ஒருவனைக் கொலைக்குத் தூண்டுகிறாள். அவன் ஆசையால் சம்மதிக்கிறான். ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் அந்தப் பெண் பொய் சொல்கிறாள், ஆண் ஏமாறுகிறான். இங்கே பெண் சொல்வது அத்தனையும் உண்மை, பொய்யன் ஆண்தான். நுவாரின் பெண்வெறுப்பை இப்படித் தலைகீழாக்கியது தமிழ்ப் படத்துக்கு அதிகப் பெருமை தரக்கூடிய காரியம். அதைவிட நுட்பமானது அவள் காது கேளாதவள் என்பது. ரவுடித்தனம் என்பதே பாண்டிக்கு வாய்ப்பேச்சு. அவள் உதட்டைப் பார்ப்பவள். குரலின் மிடுக்கு அவளிடம் எடுபடாது. கதை அளப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான எதிராளி கிடைக்க முடியாது. நாகேஷுக்கு வாய்த்த பாலையாவுக்கு நேர்மாறானவள் இவள். அதுவரை தமிழில் வேறொருவர் குரலில் பேசிவந்த நயன்தாரா, முதன்முதலாகச் சொந்தக் குரல் கொடுத்தது இந்தப் படத்துக்குத்தான்.

வில்லனைக் கொல்ல வேறு கூட்டங்களும் அலைகின்றன; ஒவ்வொரு திட்டமும் சொதப்புகிறது. நடுப்பகுதி இந்த விளையாட்டைத் தேவைக்கு மேல் நீட்டுகிறது என்பது என் எண்ணம். ஆனால் மன்சூர் அலி கான், ஆனந்தராஜ் என்று பழைய படங்களில் மிரட்டிய முகங்களையே கோமாளிகளாக நிறுத்தியது வெறும் சிரிப்புக்காக அல்ல. ரெய்னர் பழைய படச்சுருளை வெட்டி ஒட்டியதைத் தமிழ்ப் படம் ஆட்களைக் கொண்டு செய்துகொண்டது.

ஒளியையும் கவனிக்க வேண்டும். நுவாருக்கு நகரம் என்றால் இரவும் மழையும். ஜார்ஜ் சி. வில்லியம்ஸின் ஒளிப்பதிவில் கொலைத் திட்டம் தீட்டப்படுவது மஞ்சள் சுவருக்கும் நீலக் கடலுக்கும் இடையே, பளீரென்ற வெயிலில். ஒளிய நிழலில்லாத ஊரில் ஒருவன் மர்மமாக இருக்க முயல்வதே சிரிப்பு. படம் இதற்காகத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் கடற்கரையையும் பிரெஞ்சுக்காரர் தெருக்களின் அழகையும்தான். மேற்கே கதிர்காமத்தில் குடியிருப்பவர் அன்றாடம் பார்க்கும் புதுச்சேரி, அரசு மருத்துவக் கல்லூரி வாசலும் பேருந்துக் கூட்டமும் இருசக்கர வாகன நெரிசலும் கொண்டது. ரவுடி என்ற பேருக்கு நிஜமாகவே விலை இருக்கக்கூடிய அந்த ஊர் படத்துக்குள் வந்திருந்தால் சிரிப்பு இத்தனை லேசாக இருந்திருக்காது. இதைக் குறையாகவே பதிவு செய்கிறேன்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். தெலுங்கில் சிரஞ்சீவி துப்பறிவாளராக நடித்த ஜந்தியாலாவின் ‘சந்தப்பாயி’ 1986இலேயே வந்தது; 2019இல் ‘ஏஜென்ட் சாய் ஸ்ரீநிவாச ஆத்ரேயா’ நெல்லூரில் ஒரு தனியார் துப்பறிவாளனை நடமாடவிட்டு வெற்றியும் கண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? முயன்று பார்த்தார்கள். ஆத்ரேயாவை 2022இல் சந்தானத்தை வைத்து ‘ஏஜென்ட் கண்ணாயிரம்’ ஆக்கினார்கள், எடுபடவில்லை. ஒரு படத்தின் தோல்விக்குப் பல காரணம் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அடுத்தடுத்துச் சிரிக்க வைத்த குற்றப்படங்களைப் பார்த்தால் போக்கு புலப்படும். நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) ஆள்கடத்தலுக்கு ஐந்து விதி வகுத்துப் பேசும் ஒருவனைப் பற்றியது; ‘ஜிகர்தண்டா’ (2014) ரவுடியின் கதையைப் படமாக்கப் போனவனைப் பற்றியது. இரண்டிலும் துப்பறிவாளன் நாயகன் இல்லை, இருப்பவன் கதைசொல்லி.

எனவே தமிழ் நுவார் பகடியை ஆராய்வோர் ஹாலிவுட் தொப்பியைத் தேடி அலைவதை விட்டு, நகைச்சுவைத் தனித்தடங்களை முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். தொலைக்காட்சிக்காரர்கள் அவற்றைப் படத்திலிருந்து வெட்டித் துண்டு துண்டாக ஓட்டுகிறார்கள். எந்தத் துண்டு எந்தப் படத்தில், எந்தக் காட்சிக்குப் பின் வந்தது என்ற விவரத்தோடு அவற்றைத் தொகுக்கும் வேலையைப் பல்கலைக்கழகத் துறை ஏதேனும் ஒன்று உடனே தொடங்க வேண்டும்.