மெலிவு நாட்டமும் மின்சிகரெட்டும்: அமெரிக்க இளையோரை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்சிகரெட் பயன்படுத்தும் இளையோரில் ஒரு பகுதியினர் உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே அதை நாடுகின்றனர். சுவை, நண்பர் வட்டம், மன அழுத்தம் ஆகிய காரணங்களோடு இந்நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்காத தடுப்புத் திட்டமும் சிகிச்சையும் குறையுடையவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்க அனுபவம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

1. வணிகம் வளர்த்த நம்பிக்கை

புகைத்தால் உடல் மெலியும் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் புகையிலை வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1920களின் இறுதியில் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில் தலைமையிலான அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம், இனிப்பைத் தவிர்த்து லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை எடுக்குமாறு பெண்களைத் தூண்டியது. மிட்டாய் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தனர். அடுத்து வந்த விளம்பரப் படங்களில் மெலிந்த முகத்தின் பின்னே, தாடைக்குக் கீழ் சதை தொங்கும் பருத்த நிழல் ஒன்று வரையப்பட்டிருந்தது. பருத்துவிடுவோமோ என்ற அச்சமே அங்கு விற்பனைச் சரக்காயிற்று. 1968இல் ஃபிலிப் மாரிஸ் நிறுவனம் பெண்களுக்கென வெளியிட்ட வர்ஜீனியா ஸ்லிம்ஸ், மெலிவைப் பெயரிலேயே தாங்கி வந்தது.

2. நிகோட்டினும் பசியும்

இந்நம்பிக்கைக்கு உடலியல் அடிப்படை உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் நரம்பணுக்களை நிகோட்டின் தூண்டுகிறது. எலிகளிடம் இதன் வழிமுறையை விளக்கிய யேல் பல்கலைக்கழக ஆய்வு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலையும் நிகோட்டின் சற்றுக் கூட்டுகிறது. சிகரெட்டை விட்டவர்களின் எடை முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை ஏறுவதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

ஆனால் இது உடல்நலம் தரும் மெலிவன்று. நிகோட்டின் இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கிறது. மிகுதியாகப் புகைப்போரிடம் வயிற்றுப் பகுதிக் கொழுப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. மூளை வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்வதால், இளையோரிடம் அடிமைத்தனம் எளிதில் வேரூன்றுகிறது.

3. கருவி தரும் வசதி

2015இல் சந்தைக்கு வந்த ஜூல் என்னும் மின்சிகரெட் கருவி, நிகோட்டின் உப்பைப் பயன்படுத்தித் தொண்டை எரிச்சலைக் குறைத்தது. 5 விழுக்காட்டு நிகோட்டின் கொண்ட அதன் சிறு குப்பி ஒன்றில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் நிகோட்டின் இருந்தது. சாம்பலோ கடும் நெடியோ இல்லாததால் பசியெடுக்கும் வேளையில் மறைவாக ஓர் இழுப்பு இழுப்பது எளிதாயிற்று. மாம்பழம், கிரீம் புருலே போன்ற சுவைகள் உண்ணாமலே இனிப்பின் நிறைவைத் தந்தன. உணவைத் தள்ளிப்போட விரும்பும் ஒருவருக்கு இதைவிட வாய்ப்பான கருவி அரிது.

2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரில் 27.5 விழுக்காட்டினர் மின்சிகரெட் பயன்படுத்தினர். 2024இல் இது 7.8 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி பெரும் ஆறுதல். எனினும் 2024இல் மின்சிகரெட் பயன்படுத்திய பள்ளி மாணவரில் நான்கில் ஒருவர் அதை நாள்தோறும் பயன்படுத்தினார்.

4. உணவுக் கோளாறுகளுடன் தொடர்பு

கைல் கான்சன், ஜேசன் நகாட்டா ஆகியோர் 50,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவரின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். மின்சிகரெட் பயன்படுத்துவோரிடம் உணவுக் கோளாறும் அதற்கான அபாயமும் மிகுதியாக இருந்தன. ஒரே காலத்தில் திரட்டிய தரவு என்பதால் எது காரணம், எது விளைவு என்று இதைக்கொண்டு தீர்மானிக்க இயலாது. எடைக் கவலை மின்சிகரெட்டுக்கு இட்டுச் செல்லலாம். நிகோட்டின் உணவுப் பழக்கத்தைக் குலைக்கலாம். பதற்றமோ மனச்சோர்வோ இரண்டுக்கும் வேராகலாம். எதுவாயினும் ஒன்றைக் கண்ட மருத்துவர் மற்றதையும் விசாரிப்பது கடமையாகிறது.

5. நடைமுறைப் பரிந்துரைகள்

பதின்வயதினரிடம் மின்சிகரெட் பற்றிக் கேட்கும்போதே எடை குறித்த எண்ணங்களையும் கேட்க வேண்டும். 1999இல் பிரிட்டனில் உருவான ‘ஸ்காஃப்’ வினாநிரல் இதற்கு உதவும். வலிய வாந்தியெடுத்தல், உண்ணும் அளவில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டோமோ என்ற கவலை, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இழப்பு, பிறர் ஒல்லி என்றாலும் தம்மைப் பருமனாகக் கருதுதல், உணவே வாழ்வை ஆள்கிறது என்ற உணர்வு ஆகிய ஐந்தே வினாக்கள்; இரண்டுக்கு ஆம் என்றால் மேல்விசாரணை தேவை. தசை வடிவுக்காகவும் மல்யுத்த எடைப் பிரிவுக்காகவும் உடலை வருத்தும் ஆண்பிள்ளைகளையும் இவ்விசாரணையிலிருந்து விலக்கக் கூடாது.

நிகோட்டின் பசியை அடக்காது என்று மறுப்பது உண்மைக்குப் புறம்பு. அவ்வாறு மறுப்பவரை இளையோர் நம்பமாட்டார்கள். நுரையீரல் பாதிப்பை மட்டும் பேசும் எச்சரிக்கை எடைக் கவலையைத் தொடுவதில்லை. எடை சற்று ஏறலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, வேளை தவறாத உணவு, உறக்கம், உடற்பயிற்சி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றைச் சிகிச்சையோடு இணைக்க வேண்டும். உணவுக் கோளாறு உள்ளவர்க்கு இரு சிகிச்சைகளும் ஒருங்கே நடைபெற வேண்டும்; பசியடக்கும் துணையை மட்டும் பறித்துக்கொண்டு அச்சத்தை அப்படியே விட்டுவிட்டால், அவர்கள் மீண்டும் மின்சிகரெட்டுக்கோ அதனினும் கொடிய வழிக்கோ திரும்ப நேரிடும்.