காரில் முழு லோடு, பின்னால் டிரெய்லர்: டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

"எவ்ளோ சார், 33 அடிக்கவா?" என்று பெட்ரோல் பங்கில் கேட்டால், நம்மில் பலர் சொல்லும் பதில் "ம்ம், அடிங்க" என்பதுதான். ஒருவர் மட்டும் ஆபீஸ் போய் வரும் காருக்கு அந்த 33 பிஎஸ்ஐ சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே காரில் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பைகளை அடுக்கிக் கிளம்பும்போதும், பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டும்போதும் கணக்கு மாறிவிடுகிறது. மும்பை - நாக்பூர் சம்ருத்தி எக்ஸ்பிரஸ்வேயின் நீளம் 701 கிலோமீட்டர், அதில் கார்களுக்கான வேக வரம்பு 120. இப்படிப்பட்ட சாலையில், மே மாத வெயிலில், முழு லோடுடன் போகும்போது காற்று குறைந்தால் மைலேஜ் மட்டும் போகாது. டயரே கிழிந்துபோகலாம்.

சரியான அழுத்தத்தை முடிவு செய்வது காரின் மாடல் மட்டுமல்ல, அன்றைக்கு அது சுமக்கும் எடையும்தான். அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சரியான எண் எங்கே இருக்கிறது?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பல கார்களில் இரண்டு வரிசைகள் இருக்கும். ஒன்றில் ஓரிரு ஆட்களின் படம், மற்றொன்றில் ஐந்து ஆட்களும் பெட்டியும். இந்த இரண்டாவது வரிசையைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. சில மாடல்களில் இரண்டுக்கும் ஒரே எண்தான். அப்படியானால் அதையே பின்பற்றலாம்.

எண் கிலோபாஸ்கலில் இருந்தால் குழம்ப வேண்டாம். 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ. அதாவது 230 என்றால் 33 பிஎஸ்ஐ, 250 என்றால் 36 பிஎஸ்ஐ.

டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதை அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம், உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல.

காற்று குறைந்தால் டயருக்குள் என்ன நடக்கிறது?

டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றே சப்பையாகி, மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. 15 அங்குல வீல் உள்ள சாதாரண ஹேட்ச்பேக்கில், 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நொடிக்குச் சுமார் 14 முறை நடக்கும். காற்று குறைவாகவும் எடை அதிகமாகவும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்குகிறது. அந்த மடிப்பு சூட்டைக் கிளப்புகிறது. மணிக்கணக்கில் ஓடினால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் ஸ்டீல் பட்டைகளுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, ஒரு கட்டத்தில் டயர் உரிந்து கிழிகிறது. "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு வெடிச்சிருச்சு" என்று சொல்லப்படும் பல டயர்கள், அதற்கு முன்பே உள்ளுக்குள் பழுதாகத் தொடங்கியிருக்கும்.

இதன் விலையை அமெரிக்கா 2000-ம் ஆண்டில் பார்த்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் உரிந்து, கார்கள் உருண்ட விபத்துகளில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரிலேயே குறை இருந்ததாக விசாரணை கண்டறிந்தது. ஆனால் கிழிந்தவற்றில் பெரும்பாலானவை பின் டயர்கள் என்பதும், வெப்பமான தென் மாநிலங்களில் பாதிப்பு அதிகம் என்பதும் கவனிக்க வேண்டியவை. அந்த காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. 30 இருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். 4 பிஎஸ்ஐ வித்தியாசம் பெரிய சர்ச்சையானது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் கருவி அங்கே கட்டாயமானது இதற்குப் பிறகுதான்.

டிரெய்லர் மாட்டினால் கணக்கு எப்படி மாறும்?

டிரெய்லரின் எடையை அதன் சக்கரங்களே சுமக்கின்றன என்று நினைப்போம். அது முழு உண்மை அல்ல. பொதுவாக டிரெய்லர் எடையில் சுமார் 10 சதவீதம் காரின் கொக்கியை அழுத்தும்.

ஒரு சின்னக் கணக்கு. கேம்பிங் பொருட்களோ, டிராக்குக்குக் கொண்டுபோகும் பைக்கோ ஏற்றிய 600 கிலோ டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 60 கிலோ இறங்கும். காரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர், கொக்கி பின் சக்கரத்திலிருந்து 1 மீட்டர் பின்னால் இருக்கிறது. நெம்புகோல் போல வேலை செய்வதால், பின் சக்கரங்களில் 60 அல்ல, சுமார் 83 கிலோ கூடும். முன் சக்கரங்களில் 23 கிலோ குறையும். பின்னால் ஒரு பெரியவர் கூடுதலாக ஏறியது மாதிரி. அதே நேரம் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங்கின் பிடியும் குறையும்.

அதனால் டிரெய்லர் இழுக்கும்போது குறைந்தபட்சம் ஸ்டிக்கரில் உள்ள முழு லோடு எண்ணை வைக்க வேண்டும். சில வண்டிகளின் கையேட்டில் டிரெய்லருக்கென்றே தனி எண் இருக்கும். இருந்தால் அதுதான் இறுதி. டிரெய்லரின் டயர்களுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தம் தனி. காரின் எண்ணை அதற்குப் போடக் கூடாது.

முதலில், உங்கள் கார் டிரெய்லர் இழுக்கலாமா என்று கையேட்டைப் பாருங்கள். பல சின்ன கார்களுக்குத் தயாரிப்பாளர்களே வேண்டாம் என்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்கும் பதிவு வேண்டும்.

எப்போது அளக்க வேண்டும்?

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. அதாவது கார் குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 38 காட்டும். "அதிகமா இருக்கு, கொஞ்சம் குறைச்சிடலாம்" என்று அப்போது காற்றை இறக்குவதுதான் நெடுஞ்சாலையில் நடக்கும் பெரிய தவறு. டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்கும் கீழே போய்விடும்.

குளிர்காலத்தில் இது தலைகீழ். 35 டிகிரியில் 33 வைத்த டயர், டெல்லியின் 8 டிகிரி ஜனவரி காலையில் 29 கூடக் காட்டாது. பருவம் மாறும்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பங்குக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடுமே? அதற்கு எளிய வழி இருக்கிறது. காலையில் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். 29 இருக்கிறது, 36 வேண்டும் என்றால் பற்றாக்குறை 7. பங்கில் அதே டயர் 32 காட்டினால், அதோடு 7 சேர்த்து 39 வரை அடியுங்கள். ஆறியதும் 36-க்கு வந்து நிற்கும். இதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் கேஜ் போதும். காற்று இலவசம், பங்குகள் தர வேண்டிய அடிப்படை வசதிகளில் அதுவும் ஒன்று.

டிபிஎம்எஸ் லைட் எரியவில்லை, போதாதா?

போதாது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரித்தால் போதும். 36 தேவைப்படும் டயர் 27 வரை இறங்கும் வரை லைட் எரியாமலே இருக்கலாம். சில கார்களில் சென்சார் அழுத்தத்தை நேரடியாக அளக்காமல், சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு ஊகிக்கும். அப்படிப்பட்ட காரில் காற்று அடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால், கணக்கே தப்பாகிவிடும்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இருக்காது, கசிவு சற்று மெதுவாகும். சூட்டில் விரிவது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அளக்கும் வேலையிலிருந்து விடுதலை கிடையாது.

காற்றால் தீராத விஷயங்கள்

கூடுதல் காற்று அடித்தால் கூடுதல் எடை ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. பல ஹேட்ச்பேக் கார்கள் ஆட்களையும் பொருட்களையும் சேர்த்து 400 முதல் 450 கிலோ வரைதான் சுமக்கும். 70 கிலோ எடையுள்ள ஐந்து பேர், ஆளுக்கு 15 கிலோ பை என்றாலே 425 கிலோ வந்துவிட்டது. அதற்கு மேல் டாப் கேரியர் என்றால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து திணறும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2321 என்றிருந்தால், 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காரை ஓட்டுவது விதிமீறல். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். பல கார்களில் அதை யாரும் வருடக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பி, லோடை இறக்கியதும் பழைய எண்ணுக்கே காற்றைக் குறைத்துவிடுங்கள். காலியான காரின் பின் டயரில் அதிகக் காற்று இருந்தால் நடுப்பகுதி சீக்கிரம் தேயும், மழையில் பிடியும் குறையும். அடுத்த முறை பங்கில் "எவ்ளோ சார்?" என்று கேட்டால், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு எண்களாகச் சொல்லுங்கள்.