முந்தலில் தொடங்கும் ஓட்டம்

சூரியநெல்லியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். கொழுக்குமலையில் சூரியன் எழுவதைப் பார்க்க வந்தவர்கள் போர்வையும் குல்லாவுமாக ஏறிக்கொள்வார்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டம் இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். அங்கே ஏறும் வண்டிப்பாதை தொடங்குவதோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். பாதை என்று பெயர்தான், பெரும்பகுதி பாறையும் பள்ளமும். அதில் குலுங்கி ஏறும் ஜீப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று கை மாறி வந்தவை. எஸ்டேட்டில் ஓடியது, ஏலக்காய் மூட்டை சுமந்தது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு.

இந்த எல்லையோரத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவர் மாடலையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவார்: “எங்க ஓடுன வண்டி?” பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் கேட்டாலும், போடிமெட்டை ஒட்டிய பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்தில் கேட்டாலும் கேள்வி இதுதான். அந்தக் கேள்வி பிறந்த கதைக்கு நூறு வயது ஆகிறது.

மூணாறில் சரக்கு ஏற்றிய சக்கரம் ஒரு காலத்தில் தண்டவாளத்தில் உருண்டது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனில் சேர்க்கும். அங்கிருந்து அவை கம்பிவடத்தில் தொங்கியபடி போடி பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி தண்டவாளம் போடவில்லை. 1931இல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறந்தது. அதன்பின் மலையில் மோட்டார் வண்டியின் காலம்.

மலைக்கு ஏற்ற வண்டியைக் கொடுத்தது உலகப்போர். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகள் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. ஆக, இந்த நாட்டில் பொதுமக்கள் கைக்கு வந்த முதல் ஜீப்புகளே பழைய வண்டிகள்தான். 1947இல் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும்; மலையேற்றத்துக்கென்று தனியாக ஒரு லிவரைப் போட்டால் வண்டி மெதுவாக, ஆனால் விடாமல் ஏறும். கார்கள் திணறி நின்ற இடத்தில் ஜீப் நிற்கவில்லை.

1955இல் முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சிக்காலத்துக் குடியேற்றத் திட்டத்தில் கல்லாறு பகுதியில் ‘பட்டம் காலனி’ உருவானது. உயர்மலைப் பகுதியில் குடியேறியவர்கள் பெருகினார்கள். பஸ் எட்டாத ஊர்களுக்கு ‘ட்ரிப் ஜீப்’ ஓடியது. எஸ்டேட்டும் அரசுத் துறையும் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஓட்டினார்கள். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இன்றும் விடிகாலையில் ஜீப்பில்தான் மலை ஏறுகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போன செய்திகள் அந்தப் பாதைக்குப் புதியவை அல்ல. பிரேக்கும் டயரும் அங்கே பேரம் பேசும் சங்கதி இல்லை.

பெட்ரோல் ஜீப்பின் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்ஜின் வைப்பது ஒரு காலத்தில் மலையோரப் பட்டறைகளில் சாதாரணமாக நடந்தது. எரிபொருள் செலவு பாதியாகும் என்பது கணக்கு. அந்த வேலையின் மிச்சம் இன்றும் பழைய ஜீப் வாங்குபவரைத் துரத்துகிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்ஜின் எண், வண்டிக்குள் வேறொரு எண் என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பானெட்டைத் தூக்கியதும் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேடும் பழக்கம் அனுபவஸ்தர்களுக்கு வந்தது இதனால்தான்.

மலையில் கதை ஜீப்பிலிருந்து தொடங்கினால், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே அது ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்குகிறது. கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிப் போன ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை அவரிடமே வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். பஸ் நிறுவனமாக வளர்ந்தது. பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்த கைகள் ஒரு வட்டாரத்தின் தொழிலையே நகர்த்தின. கோவைப் பக்கம் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் பெருகியதால், பாலக்காட்டுக்காரருக்கு வண்டி எங்கே வாங்கினாலும் சாமான் வாங்கக் கோவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் கார் என்றால் மூன்று பெயர்கள்தான்: அம்பாசிடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. புதுக் காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் ஓடிய காரைப் புதுக் காரின் விலைக்கும் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். இன்றைய தலைமுறைக்கு நம்பக் கடினமாக இருக்கும். ‘பழசு என்றால் மலிவு’ என்ற எண்ணமே அன்று இல்லை.

ஸ்டாண்டர்டு நிறுவனம் 80களின் கடைசியில் மூடப்பட்டபோது அதன் ஹெரால்டு காரை வைத்திருந்தவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ரப்பர் புஷ்ஷுக்கும் பழைய இரும்புக்கடை தேட வேண்டி வந்தது. அதே பாடம் பிறகும் திரும்பியது. செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த நிறுவனங்களின் நல்ல கார்கள் இன்று மலிவாகக் கிடைக்கலாம். மெக்கானிக்கை நன்கறிந்த பழைய ஓட்டுநருக்கு அது லாபம். முதல் கார் வாங்கும் புதியவருக்கு, தொடுபுழையிலோ சித்தூரிலோ சாமான் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவி கைமாறியது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்ஜின். எடை குறைவு, கிளட்ச் இலகு, குறுகிய இடத்திலும் திரும்பிவிடும். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்னால் வந்த ஆல்ட்டோவும் அதே வழியில் போனது. லைசென்ஸ் சோதனையில் ‘எச்’ எடுக்கும் மைதானத்திலிருந்து வீட்டு முற்றம் வரை, புதியவர்களுக்கு இந்தச் சிறிய கார்கள் பொருந்திப்போனதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. எந்த ஊர் நாற்சந்தியிலும் இதன் வயிற்றை அறிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் பக்கத்துக் கடையில் கிடைத்தன.

மலைக்காரர்கள் உடனே மாறிவிடவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி, 1,500 மீட்டர் உயர மூணாறில் காற்று மெலிவதால் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, கரும்புகை தள்ளி, இழுவை குறைந்து நிற்கும். எரிபொருளை அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்த பிறகு அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. இன்றும் மலையில் பழைய கார் தேடுபவர் கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. 30,000 கிலோமீட்டர் அடிமாலி ஏற்றத்திலேயே ஹாஃப் கிளட்சில் ஓடிய காரைவிட, பாலக்காடு–கோவை நெடுஞ்சாலையில் 60,000 ஓடிய காரின் கிளட்சும் பிரேக்கும் உறுதியாக இருக்கலாம். “எங்க ஓடுன வண்டி?” என்ற கேள்விக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு.

எண் பலகை அந்தக் கேள்விக்குப் பாதி விடை சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபின் நாடு முழுக்க ஒரே முறையில் எண்கள் வந்தன. கேஎல் 09 பாலக்காடு, கேஎல் 70 சித்தூர், கேஎல் 06 இடுக்கி, கேஎல் 68 தேவிகுளம், கேஎல் 69 உடும்பன்சோலை. மலைக்குக் கீழே டிஎன் 60 தேனி, கணவாய்க்குக் கிழக்கே டிஎன் 41 பொள்ளாச்சி. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது நிலைத்த கோடு, வண்டி விற்கும்போது ஒவ்வொரு முறையும் குறுக்கே வருகிறது.

ஒரே மொழி பேசும் மாமன் மச்சான்கள் போடியிலும் பூப்பாறையிலும் இருப்பார்கள். மாமனின் கார் மச்சானுக்கு வருவது ஒரு மணி நேரப் பயணம். காகிதம் வர அதைவிட நெடுநாள் ஆகும். விற்பவர் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்து, அந்த மாநில வரியும் கட்டியாக வேண்டும். இதற்குப் பயந்து, உறவு என்ற நம்பிக்கையில், பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ‘கன்சல்டிங்’ என்று பலகை வைத்த பழைய கார்க் கடைகளிலும் முன்பெல்லாம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் வண்டியோடு கைமாறும். மூன்றாம் ஆள், நான்காம் ஆள் ஓட்டும்போதும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயர்தான் இருக்கும்.

அதன் விலையை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2007இலேயே விற்றுவிட்டதாக ஒருவர் சொன்ன கார், பல கை மாறி 2009இல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்களும் அரசிடம் அங்கீகாரம் பெற வேண்டும், தங்களிடம் வந்த வண்டியை இணையத்தில் பதிய வேண்டும் என்று மத்திய விதி வந்தது. விற்பவர், வாங்குபவர், நடுவே நிற்பவர் மூவரின் பொறுப்பும் எழுத்தில் ஏறியது.

2018 ஆகஸ்ட்டில் இன்னொரு பூர்வீகம் சேர்ந்தது. இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறந்தன. கேரளம் முழுக்க வெள்ளம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் போலவே கார்கள் மூழ்கின. மூழ்கிய கார் கழுவித் துடைத்தால் பளபளக்கும். ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் மண், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை, மூடிவைத்த காரில் ஈரவாடை என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். வயரிங்கில் புகுந்த நீர் மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும். அப்போது புதிய ஓட்டுநர் வளைவு ஒன்றில் இருப்பார்.

பூர்வீகத்தோடு வயதையும் கேட்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 14 வயதுக் காரை மலிவென்று வாங்கும் புதியவர் அந்தத் தொகையையும், எஃப்.சி.க்கு முந்தைய டிங்கரிங், பெயிண்ட் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போடியிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் முந்தல் வரும். அங்கிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். எல்லையோரத்தில் கார் வாங்குபவருக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. முந்தலில் எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்கிறார்கள். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கிறார். கூட வந்த மெக்கானிக் ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, முதல் கியரில் உருளாமல் எழும்புகிறதா என்று கவனிக்கிறார். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதமே ஆன பெண் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அவருடைய அப்பா பின்சீட்டில் ஆர்.சி.யையும் என்.ஓ.சி.யையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போடிமெட்டுச் சாவடிக்கு முன் ஓரங்கட்டுகிறார்கள். பானெட் திறக்கிறது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் பக்கத்துக் குப்பியில் தண்ணீர் அளவைப் பார்க்கிறார், ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுக்கிறார், குனிந்து தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று தேடுகிறார். எஞ்ஜின் எண்ணை அப்பா சத்தமாக வாசிக்க, அவர் ஒவ்வொரு இலக்கமாகத் தலையாட்டுகிறார். பிறகு எல்லோரும் டீக்கடைக்கு நடக்கிறார்கள். டோக்கன் அட்வான்ஸ் எவ்வளவு என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.