மெழுகுக் கட்டியில் மிஞ்சிய மே மாதம்

1918 செப்டம்பர் கடைசியில் ஃபுளூ கொள்ளைநோயால் அமெரிக்க ராணுவ முகாம்களின் பிணவறைகள் நிரம்பி வழிந்தன. பாஸ்டனுக்கு அருகிலிருந்த டெவன்ஸ் முகாமுக்கு வந்த வில்லியம் வெல்ச், பிரேதப் பரிசோதனையில் பழுத்த கை. அவரே திகைத்துப்போனார். காற்று நிறைந்து பஞ்சுபோல இருக்க வேண்டிய நுரையீரல் நீலம் பாரித்துக் கனத்துக் கிடந்தது. வெட்டிய இடத்தில் ரத்தம் கலந்த நுரை வழிந்தது.

அந்த நெருக்கடியிலும் முகாம் மருத்துவர்கள் ஒரு வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. நுரையீரலில் சிறு துண்டை வெட்டி ஃபார்மலினில் போட்டு வாஷிங்டனின் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் துண்டுகள் பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு அலமாரி ஏறின. இறந்தவரின் வயது, முகாம், தேதி, உடலில் கண்டவை எல்லாம் கூடவே பதிவாயின. கொன்றது எந்தக் கிருமி என்று அவர்களுக்குத் தெரியாது. ரிச்சர்ட் ஃபைஃபர் 1892-இல் அறிவித்த பாக்டீரியாதான் ஃபுளூவுக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. மனிதரிடமிருந்து ஃபுளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான்.

1990-களில் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி டாபன்பெர்கரும் ஆன் ரீடும் அந்த மெழுகுக் கட்டிகளைத் தேடி எடுத்தார்கள். பெரும்பாலானவை ஏமாற்றின, நோயாளி இறக்கும் முன்பே வைரஸ் மறைந்து, பாக்டீரியா நிமோனியா மட்டும் மிஞ்சியிருக்கும். தென் கரோலினாவின் ஜாக்சன் முகாமில் இறந்த 21 வயதுச் சிப்பாயின் கட்டிதான் கைகொடுத்தது. அவருடைய இடது நுரையீரலை நிமோனியா நாசமாக்கியிருந்தது. வலது பக்கத்தில் நோய் பின்தங்கி, ஆரம்ப நிலையிலேயே நின்றிருந்தது. வைரஸின் மரபணுத் துணுக்குகள் அங்கே சிக்கின. 1997-இல் முடிவு வெளியானது.

அதே ஆண்டில் 72 வயது மருத்துவர் யோஹான் ஹுல்டின், மனைவியின் தோட்டக் கத்தரியோடு அலாஸ்காவின் பிரெவிக் மிஷனுக்குப் போய், 1918 ஃபுளூவில் இறந்து உறைமண்ணில் புதைந்தவரின் உடலிலிருந்து நுரையீரலை எடுத்து வந்தார். எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை இதுதான். வைரஸின் முழு மரபணு வரிசையை அறிய அது பெரிதும் உதவியது உண்மை. ஆனால் நோய் எப்போது பரவத் தொடங்கியது என்ற கேள்விக்கு அந்தக் கல்லறையில் விடையில்லை. அந்த ஊருக்கு ஃபுளூ போனதே 1918 நவம்பரில். அந்தக் கேள்விக்கு வேண்டியிருந்தது சாகசம் அல்ல, தேதி எழுதிய சீட்டு.

2011-இல் டாபன்பெர்கர் குழு, 1918-இல் மாண்ட 68 அமெரிக்கப் படைவீரர்களின் திசுக்களை ஆராய்ந்து வெளியிட்டது. 37 பேரிடம் வைரஸின் தடயம் இருந்தது. அவர்களில் நால்வர் மே முதல் ஆகஸ்ட் வரை இறந்தவர்கள். கொள்ளைநோய் உச்சத்துக்கு வந்ததாக அமெரிக்கா உணர்ந்ததோ செப்டம்பர், அக்டோபரில். அதற்கு முன் வந்த வசந்தகால அலையை ‘மூன்று நாள் காய்ச்சல்’ என்று பலர் தள்ளிவிட்டிருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த நால்வரின் நுரையீரலுக்கும் இலையுதிர்காலத்தில் மாண்டவர்களின் நுரையீரலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஊர் அஞ்சத் தொடங்கும் முன்பே, சில மாதங்களாக அதே வைரஸ் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் அது கடைசிவரை மாறவே இல்லையா? இந்தக் கேள்விக்கு பெர்லினிலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. அங்குள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபார்மலின் புட்டிகளை செபாஸ்தியன் கல்விஞாக்-ஸ்பென்சரின் குழு ஏற்கெனவே துழாவியிருந்தது. 1912-இல் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலிலிருந்து தட்டம்மை வைரஸின் மரபணுவையே மீட்டிருந்தது. அடுத்து 1900 முதல் 1931 வரையிலான 13 நுரையீரல்களில் ஃபுளூவைத் தேடினார்கள். மூன்றில் கிடைத்தது. அவற்றில் இரண்டு, 1918 ஜூன் 27 அன்று பெர்லினில் இறந்த இளம் சிப்பாய்களுடையவை. 2022-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மனித உடலின் எதிர்ப்பிலிருந்து தப்ப உதவுவதாகக் கருதப்படும் இரு மாற்றங்கள் பிந்தைய அலையின் வைரஸில் உண்டு. ஜூன் மாத வைரஸில் அந்த இரு இடங்களும் இன்னும் பறவை ஃபுளூவின் சாயலிலேயே இருந்தன.